26 ஓட்டு

சிட்னி,
8.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போனில் நான் "26 ஓட்டு" என்று சொன்னது உங்கள் காதில் இருபத்தாறாயிரம் என்று விழுந்ததாகத் தம்பி சொன்னான். ஆயிரமெல்லாம் இல்லை அப்பா, வெறும் 26. இங்கே ஆஸ்திரேலியப் பார்லிமெண்ட் தேர்தலில், எங்கள் தொகுதியில் கடைசியாக மிஞ்சிய இரண்டு பேருக்குமாக 1,12,202 ஓட்டு எண்ணி, அதில் 26 வித்தியாசம். மே 3 ஓட்டுப் போட்டோம், ஜூன் 4-இல்தான் மறு எண்ணிக்கை முடிந்தது. தேர்தல் டியூட்டி பார்த்த உங்களுக்கு இதை விவரமாகச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

எங்கள் தொகுதியின் பெயர் பிராட்ஃபீல்டு. சிட்னி துறைமுகப் பாலத்துக்கு முன்னின்று உழைத்த இன்ஜினியர் ஜான் பிராட்ஃபீல்டின் பெயர் அது. 1949-இல் தொகுதி உண்டான நாளிலிருந்து லிபரல் கட்சியின் கையிலேயே இருந்தது. இந்தத் தடவை பழைய எம்.பி. பால் ஃப்ளெட்சர் நிற்கவில்லை. லிபரல் சார்பில் ஜிசெல் கப்டேரியன் நின்றார். எதிரே சுயேச்சை நிக்கோலெட் போலே. போலே 2022-லும் இங்கே நின்று தோற்றவர்.

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பாஸ்போர்ட்டை மாற்றியதோடு நம்ம ராதாபுரம் தொகுதியில் எனக்கு இருந்த ஓட்டு போய்விட்டது. அது இன்னும் மனசில் உறுத்துகிறது. அதனால் இங்கே போடும் முதல் ஓட்டை ஒழுங்காகப் போட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்தான் பூத். வாசலில் பிள்ளைகளின் பெற்றோர் அடுப்பு வைத்து, சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்கிறார்கள், பணம் பள்ளிக்கூடத்துக்கு. உள்ளே அடையாள அட்டையே கேட்கவில்லை அப்பா! பெயர் என்ன, விலாசம் என்ன, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டீர்களா, இந்த மூன்று கேள்விதான். பட்டியலில் பெயரைக் குறித்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். விரலில் மை கிடையாது. மறைப்புக்குள் ஒரு பென்சில் கிடக்கிறது. ஓட்டுப் போடாமல் இருந்தால் 20 டாலர் அபராதம். 1924-இலிருந்தே இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம்.

சீட்டில் முத்திரை குத்துவதில்லை. யார் முதலில், யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று எல்லா வேட்பாளருக்கும் வரிசையாக எண் எழுத வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேருக்கு எழுதிவிட்டால் சீட்டு செல்லாமல் போகலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு 1 போட்டவர்கள் 2 யாருக்குப் போட்டார்களோ அவரிடம் அந்தச் சீட்டைச் சேர்ப்பார்கள். இப்படியே இரண்டு பேர் மிஞ்சும் வரை போகும். 1 போட்ட சீட்டுகளை மட்டும் எண்ணியபோது கப்டேரியன்தான் முன்னால் இருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக விழ விழ, அவர்களுடைய சீட்டுகள் போலே பக்கம் கூடுதலாகச் சேர்ந்து இரண்டு பேரும் சரிசமமாக வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் காத்திருப்பு. தபால் ஓட்டு, தேர்தல் நாளான சனிக்கிழமைக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக இருந்தால், தேர்தல் முடிந்து 13 நாள் வரை வந்து சேரலாம். இங்கே பெயர் இருப்பவர் அன்றைக்கு மாநிலத்தின் வேறு மூலையில் இருந்தால் அங்கேயே ஓட்டுப் போடலாம். அந்த உறை எங்கள் தொகுதிக்கு வந்து சேர வேண்டும். உறையில் இருப்பவருக்கு ஓட்டு உண்டா என்று பார்த்து, அப்புறம்தான் யாருடையது என்று தெரியாதபடி சீட்டைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சில நூறு சீட்டு ஏறும். முன்னால் இருந்தவர் பின்னால் போவார். நைட் டியூட்டியில் ஓய்வு கிடைத்தால் எல்லாரும் போனில் அதைத்தான் பார்ப்போம். உங்கள் மாப்பிள்ளை சமையல்கட்டுக் காலண்டரில் தினமும் வித்தியாசத்தை எழுதிவைத்தார்.

எல்லாம் எண்ணி முடித்தபோது கப்டேரியன் 8 ஓட்டு முன்னால். வித்தியாசம் நூறுக்குக் கீழே இருந்தால் தேர்தல் ஆணையம் தானாகவே மறுபடி எண்ணும். யாரும் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டாம். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சீட்டையும் முதலிலிருந்து கையால் எடுத்தார்கள்.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, ஒரு வேட்பாளரின் ஏஜெண்டாகக் கொஞ்ச நாள் அங்கே நின்றார். ஏஜெண்ட் சீட்டைத் தொடக் கூடாது. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று குனிந்து பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் ஆட்சேபம் சொல்லலாம். எழுதியது 1-ஆ 7-ஆ, 4-ஆ 9-ஆ என்றுதான் பாதிச் சண்டையாம். தொகுதி அதிகாரி முடிவு சொல்வார். அதிலும் திருப்தி இல்லையென்றால் அந்தச் சீட்டு மாநில அதிகாரிக்குப் போகும். எதிர்த்தரப்பு ஏஜெண்டும் தானும் ஒரே சீட்டின் மேல் தலை முட்டக் குனிந்து நின்றதாகச் சொன்னார். யாரோ ஒரு கிழவி நடுங்கும் கையால் எழுதிய மாதிரி இருந்த ஒரு சீட்டை ஐந்து பேர் நின்று வாசித்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் போலே 56,114. கப்டேரியன் 56,088. எட்டில் பின்னால் இருந்தவர் இருபத்தாறில் முன்னால் வந்துவிட்டார்.

இத்தனைக்கும் ஆட்சி யாருக்கு என்பது மே 3 ராத்திரியே தெரிந்துவிட்டது. 150 இடத்தில் 94 லேபர் கட்சிக்கு. எங்கள் தொகுதி எந்தப் பக்கம் போனாலும் பிரதமர் மாறப் போவதில்லை. அப்படியும் ஒரு மாதம் எண்ணினார்கள். அதுதான் என்னை அசைத்தது.

இந்த நாட்களில் எனக்கு நம்ம ராதாபுரம்தான் ஞாபகம். 2016 சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க. இன்பதுரைக்கு 69,590, தி.மு.க. அப்பாவுவுக்கு 69,541. 49 ஓட்டு. உங்களை மாதிரித் தேர்தல் டியூட்டிக்குப் போனவர்கள் போட்ட 203 தபால் ஓட்டைத் தள்ளிவிட்டார்கள். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லுமா, அவர் கெஜட்டட் அதிகாரியா என்பதுதான் வழக்கு. அந்த வாரம் முழுக்க நம்ம வீட்டுத் திண்ணையில் வாத்தியார்கள் உட்கார்ந்து பேசினது வேறு எதுவும் இல்லை. 2019 அக்டோபரில் ஹைகோர்ட் உத்தரவுப்படி அந்த 203-ஐயும் கடைசி மூன்று ரவுண்டையும் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அந்தச் சட்டசபையே முடிந்து 2021 தேர்தல் வந்துவிட்டது. அப்பாவு அதில் ஜெயித்து சபாநாயகரும் ஆனார். ஆனால் அந்த 203 பேருக்கு?

"யார் ஜெயிச்சா எனக்கென்ன, எண்ணினதைச் சொல்லணும்லா" என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள். இங்கே தோற்றவர் தரப்பு ஆட்கள் கண்ணெதிரே ஒவ்வொரு சீட்டும் திரும்பினதைக் கேட்டபோது, நீங்கள் கேட்டது இவ்வளவுதானே என்று தோன்றியது. நம்ம ஊரில் இதைவிடப் பல மடங்கு ஓட்டை ஒரே நாளில் எண்ணி முடிக்கிறார்கள், அது பெரிய சாமர்த்தியம். ஆனால் ஐம்பது நூறு ஓட்டில் நிற்கும் இடத்திலாவது கோர்ட்டுக்குப் போகாமல் உடனே மறுபடி எண்ணலாம். இதில் நான் மாற மாட்டேன். சித்தப்பா வந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் வழக்கம்போல மறுத்துப் பேசட்டும்.

இங்கேயும் விஷயம் முழுசாக முடிந்தபாடில்லை. முடிவை எதிர்த்து வழக்குப் போட 40 நாள் அவகாசம் உண்டு. கப்டேரியன் போவாரா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1919-இல் பாலராட் என்ற தொகுதியில் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தவரின் வெற்றியை அப்படித்தான் கோர்ட் ரத்து செய்து, மறுபடி தேர்தல் நடந்தது.

அடுத்த வருஷம் அங்கே சட்டசபைத் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லையென்றாலும் அந்தச் சமயத்தில் லீவு கேட்டு வரலாம் என்றிருக்கிறேன். அம்மாவின் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுங்கள். பேத்தி உங்களுக்கு ஒரு ஓட்டுச்சீட்டு வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். அதில் தாத்தாவுக்கு 1, ஆச்சிக்கு 2. ஆச்சி கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்