கடையின் பெயரோடு மணியையும் எழுது

அன்பின் தங்கச்சிக்கு,

கிளிநொச்சிக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, இனி மூன்று நேரமும் கடைச்சாப்பாடுதான், சாப்பிடுகிற கடைகளைப் பற்றி எழுதவும் போகிறேன் என்றாய். நல்ல வேலை, எழுது. கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் போகிறவர் அரை மணித்தியாலம் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுதுவது ஒன்று. அங்கேயே இருந்து, மழைக்காலமும் வெயில்காலமும் அதே கடையில் சாப்பிடுகிறவர் எழுதுவது இன்னொன்று. உன்னுடையது இரண்டாவதாக இருக்கவேணும்.

அதற்கு முதல் வேலை, கடையின் பெயரோடு நீ போன மணியையும் கிழமையையும் எழுதுவது. வன்னியில் ஒரு கடையின் தரம் நேரத்தோடு கட்டப்பட்டது. அதே சமையல்காரர், அதே சட்டி, அதே மரக்கறி. பன்னிரண்டரைக்கு ஒரு சாப்பாடு, மூன்று மணிக்கு வேறொரு சாப்பாடு. மணி இல்லாமல் "சோறு சரியில்லை" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கும் பயனில்லை, கடைக்காரருக்கும் நியாயமில்லை.

மத்தியானத்தை எடு. அலுவலகக்காரர், லொறிக்காரர், வயல் வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் வருவார்கள். அதைக் கணக்குப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். ஆகவே பன்னிரண்டேகாலுக்குப் போய் இருந்தால் அந்தச் சமையல்காரரின் கை உண்மையில் எப்படி என்று தெரியும். முதலில் பால்கறியைத் தொட்டுப் பார். உருளைக்கிழங்கோ பூசணியோ, எதுவானாலும் தேங்காய்ப்பால் விட்ட கறி இரண்டாம்முறை சூட்டைத் தாங்காது. திரும்பக் கொதித்தால் பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாய்ப் பிரிந்து நிற்கும். பருப்பு ஆடை கட்டி இறுகும். பயற்றங்காய் பச்சை போய் மண்ணிறத்துக்கு வரும். கீரையை மூடி வைத்திருந்தால் நிறமும் மணமும் இரண்டும் போய்விடும்.

ஆனால் புளிவிட்ட குழம்பு அப்படியல்ல. பழப்புளி கரைத்து வைத்த மீன்குழம்பும் கத்தரிக்காய்க் குழம்பும் இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்தால் தூளும் புளியும் சேர்ந்து இன்னும் நன்றாக வரும். எனவே மூன்று மணிக்குத்தான் போக முடிந்தது என்றால் பால்கறியை விட்டுவிட்டுக் குழம்பைக் கேள். அந்த நேரத்துக் குழம்பும் மெல்லியதாய், பச்சைத் தூள் மணத்தோடு இருந்தால் அது நேரத்தின் பிழை இல்லை, சமையலின் பிழை. தூள் எண்ணெயில் வதங்கவில்லை, அல்லது குழம்பு வற்றமுதல் இறக்கிவிட்டார்கள். அதைத் தயங்காமல் எழுது.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பல கடைகளில் சிவப்போ வெள்ளையோ என்று கேட்பார்கள். சிவப்புக்குச் சொல். காலபோக நெல்வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் புது அரிசி கடைகளுக்கு வரும். புது அரிசி தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். பழைய அரிசிக்கு வைக்கிற அளவுக்கே தண்ணீர் வைத்தால் சோறு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் கிடந்த அரிசி பருக்கை பருக்கையாய் நிற்கும். பங்குனி மாதத்தில் குழைந்த சோறு கிடைத்தால் அதோடு மாதத்தையும் எழுது.

காலையும் இரவும் புட்டு. இதில் நீ கவனமாய் இருக்கவேணும், ஏனென்றால் புட்டு என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு சாமான் விற்கிறார்கள். வறுத்த சிவப்பரிசி மாப் புட்டு, அவித்து அரித்த கோதுமை மாப் புட்டு, இரண்டும் கலந்தது, குரக்கன் புட்டு. கடையில் அதிகம் கிடைப்பது கலப்புத்தான், அது குற்றமில்லை. எதைத் தந்தார்கள் என்று கேட்டு எழுது. அரிசி மாவுக்கு உப்புப் போட்ட கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்துக் குழைப்பார்கள். கையில் பிடித்தால் பிடிபடவேணும், விரலால் தட்டினால் உதிரவேணும். தண்ணீர் கூடினால் கட்டி கட்டியாய் வந்து உள்ளே வேகாது. குறைந்தால் தொண்டையில் அடைக்கும். ஆவி நன்றாக வந்தபிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். அரிசிப் புட்டு ஆறினால் உதிரி காய்ந்து விறைக்கும், கோதுமைப் புட்டு ஆறினால் இழுபடும். அதனால் பெட்டியிலிருந்து கொட்டுகிற நேரத்தைப் பார்த்துப் போ. விடிய ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு.

புட்டோடு வரும் சம்பலும் சொதியும் கடையின் நேர்மையைக் காட்டும். தேங்காய்ச் சம்பல் வன்னி வெக்கையில் நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. நாக்கில் தேசிக்காய்ப் புளிக்குப் பின்னால் இன்னொரு புளிப்பு வந்தால் தள்ளி வைத்துவிடு, விடிய அரைத்ததைப் பின்னேரம் வைத்திருக்கிறார்கள். சொதியில் முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி எழும்பும்போதே இறக்கி, அடுப்பால் எடுத்தபிறகுதான் தேசிக்காய் பிழியவேணும். அடுப்பிலிருக்கும்போது பிழிந்தால் திரளும். திரண்ட சொதியைக் கண்டால் அவசரப்பட்ட சமையலறை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரவில் கொத்துரொட்டி. தகடு அடிக்கிற சத்தத்தை நம்பி உள்ளே போகாதே, கல்லுக்குப் பக்கத்தில் நின்று வரிசையைப் பார். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பச்சைமிளகாய், லீக்ஸ், கரட், கோவா. அவற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, வெறுங்கல்லில் முட்டையை உடைத்துப் பொரியவிடவேணும். பிறகு வெட்டிய வீச்சுரொட்டி, அதன்மேல் இறைச்சித் துண்டும் ஒன்றிரண்டு அகப்பை குழம்பும். குழம்பு விட்ட பிறகு முட்டையை உடைத்தால் அது பொரியாமல் அவிந்து வெடுக்கு மணக்கும். பல இடங்களில் நடக்கிற பிழை இதுதான். ரொட்டியும் முக்கியம். கல்லால் எடுத்த சுட்ட ரொட்டியை உடனே கொத்தினால் பசையாகிவிடும். நேற்றையது தோல்போல இழுபட்டு, குழம்பையெல்லாம் குடித்துவிடும். பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குச் சுட்டு ஆறவிட்டதுதான் சரியான ரொட்டி. ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் போ. கடை திறந்த உடனே கல் ஒருசீராய்ச் சூடேறியிராது. பிந்திப் போனால் கல்லில் கருகிய அடி உன் கோப்பைக்கு வரும். "குழம்பு குறைத்துப் போடுங்கோ அண்ணை" என்று முன்கூட்டியே சொல்லு. பிறகு சொல்லிப் பயனில்லை.

மீனுக்கு வருவோம். கிளிநொச்சிக்குக் கடல்மீனும் வரும், குளத்துமீனும் வரும். இரணைமடுவும் அக்கராயனும் பக்கத்தில் இருக்கும்போது ஒரு விராலையோ திலாப்பியாவையோ சாப்பிடாமல் இருக்காதே. குளத்துமீன் சேற்று மணம் அடிக்கும் என்று பலர் ஒதுக்குவார்கள். அந்த மணம் குளத்துப் பாசியிலிருந்து வருவது, வெயிலில் தண்ணீர் வற்றும்போது கூடும். மழைக்குப் பிறகு குளம் நிரம்பினால் குறையும். சமையலறையில் அதைப் போக்க வழி இருக்கிறது. வயிற்றுக்குள் ஒட்டியிருக்கிற கறுத்தச் சவ்வை முழுதாய் உரித்து எடுக்கவேணும். உப்பும் தேசிக்காயும் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவவேணும். குழம்புக்குப் பழப்புளியைத் தாராளமாய் விடவேணும், புளி அந்த மணத்தை முறிக்கும். விரால் என்றால் தோலின் வழுவழுப்புப் போக உப்போ சாம்பலோ போட்டு உரஞ்சவேணும். உன் கோப்பையிலிருக்கும் துண்டின் வயிற்றுப்பக்கத்தைத் திருப்பிப் பார். கறுப்பு ஒட்டியிருந்தால் மணத்துக்குக் காரணம் குளம் அல்ல, கழுவியவர்.

கிழமைக்கு வா. செவ்வாயும் வெள்ளியும் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடாதவர்கள் வன்னியில் நிறையப் பேர். அந்த நாட்களில் மச்சக்கறி குறைவாய் விற்கும், ஆகவே மிஞ்சும். சனிக்கிழமை காலை வருகிற மீன்குழம்பைக் கொஞ்சம் விசாரித்துச் சாப்பிடு. மாறாக வெள்ளிக்கிழமை மத்தியானம் சைவச் சாப்பாட்டில் கடைக்காரர் முழுக்கவனமும் வைப்பார். நல்ல வாழைப்பூ வறையும் பாயாசமும் அன்றைக்குத்தான் கிடைக்கும். பூரணைப் போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு, அன்று ஆட்டிறைச்சிக் கறி இருந்தால் முதல்நாள் வாங்கியது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழா என்று சனம் அள்ளுகிற நாட்களை வைத்து எந்தக் கடையையும் அளக்காதே.

மான், மரை இறைச்சி இருக்கிறது என்று யாராவது காதுக்குள் சொன்னால் கேட்காதே, வாங்காதே, எழுதாதே. சட்டம் பாதுகாக்கிற மிருகங்கள் அவை. எழுதினால் தேடி வருகிறவர்கள் கூடுவார்கள்.

சேவையை எழுதும்போதும் மணி வேணும். ஒன்றேகாலுக்கு எட்டு மேசைக்கு ஒரு பெடியன் ஓடித் திரிவான். அந்த நேரத்தில் தண்ணீர் வரப் பிந்தியதைக் குறையாக எழுதாதே. வேறு விசயங்களைப் பார். கேட்காமலே இரண்டாம் சோறு கொண்டுவருகிறார்களா? சைவக்காரரின் கோப்பைக்கு மரக்கறி போடும் அகப்பை மீன்சட்டிக்குள் போய் வந்ததா? காசு வாங்கிய கையால் வடை எடுக்கிறார்களா, இடுக்கி வைத்திருக்கிறார்களா? கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா? பெண்களுக்கு மலசலகூடம் இருக்கிறதா, உள்ளே கொழுக்கி பூட்டுப்படுகிறதா? இந்தக் கடைசி விசயத்தை ஆண்கள் எழுதுவதில்லை. நீ ஒவ்வொரு கடைக்கும் எழுது, பயணம் போகிற எத்தனையோ பெண்களுக்கு உதவும்.

சாப்பாட்டுச் சோறும் மரக்கறியும் ஒரு விலை, மீன்துண்டு, இறைச்சி, பொரித்த முட்டை தனித்தனி விலை. மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பற்றிஸ் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததுக்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போகும். திரும்பிப் போனதுதான் அடுத்த மேசைக்கும் வரும், ஆகவே சுடச்சுட வேண்டுமென்றால் தாச்சியால் இறக்குவதைக் கேட்டு வாங்கு. பல கடைகளில் சிட்டை எழுதமாட்டார்கள். என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்பார்கள், நீ சொல்வதை நம்பிக் கணக்குப் போடுவார்கள். விலையை எழுதினால் திகதியையும் போடு. 2022க்குப் பிறகு விலைகள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

தேத்தண்ணி சரியில்லை என்றால் தேயிலையைக் குறைசொல்லமுதல் தண்ணீரைப் பார். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத்தண்ணீர் சுண்ணாம்புத்தன்மை கூடியது. பிளேன்ரீ கொஞ்சம் ஆறியதும் மேலே மெல்லிய படலம் கட்டும், நிறம் மங்கும். 

கையில் காசு குறைந்த நாட்களில் அம்மாச்சி உணவகத்துக்குப் போ. மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துவது. ஒவ்வொரு விற்பனை மேசையிலும் ஒருவர் நின்று கண்முன்னே தோசையோ குரக்கன் புட்டோ செய்து தருவார். நீயே எடுத்து, நீயே கோப்பையை வைக்கவேணும். அங்கே சேவை என்ற தலைப்பில் எழுத ஒன்றுமில்லை, சமைத்தவரிடமே நேரே கேட்கலாம் என்பதை எழுது. ஒரே கூரைக்குக் கீழே பல கைகள், ஆகவே "அம்மாச்சியில் தோசை நல்லது" என்று எழுதாமல் எந்த மேசை என்று எழுது.

தூர பஸ் நிற்கிற கடைகளை இன்னொரு கணக்கில் வை. அங்கே ஆட்களைக் கொண்டுவருவது சுவை அல்ல, பஸ். திரும்பி வருவார்களோ என்ற கவலை குறைவு. பஸ் வந்து பத்து நிமிடத்துக்குள் போனால் முன்கூட்டியே போட்டு வைத்த கோப்பைதான் கிடைக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கினால் கச்சான் (வேர்க்கடலை) வாங்கு, ஆனால் கட்டி வைத்த பையை விட்டுவிட்டு மணலால் அரித்து எடுக்கும்போது கேள். சூடாய் இருந்தால் தோல் கையோடு கழலும்.

முல்லைத்தீவுக்கு இறாலும் நண்டும் சாப்பிடப் போகவேணும் என்று எழுதியிருந்தாய். கார்த்திகை, மார்கழியில் போகாதே. வாடைக்காற்றுக்கு அந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காத நாட்கள் கூட. அந்த நாட்களில் அங்கே கடையில் இருப்பது ஐஸில் கிடந்தது, அல்லது மன்னார்ப் பக்கமிருந்து வந்தது. காற்று விழுந்து, மாசி பிறந்தபிறகு பரந்தனால் முதல் பஸ்ஸைப் பிடி. கரைக்குப் போய் வள்ளத்தில் என்ன வந்தது என்று பார்த்துவிட்டு, அதைச் சமைக்கிற கடை எது என்று அங்கேயே கேட்டுப் போ.

அன்புடன்,
அண்ணா