பனல் வானில் பொருத்திய பின் ஆசனம் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பனல் வானில் மூவர் அமரும் பின் ஆசனமும் மூன்று இடுப்புப் பட்டிகளும் (சீற் பெல்ட்) உங்கள் கராஜில் பொருத்தப்பட்டன. மெத்தையிலும் தையலிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆசனம் நிற்கும் விதத்தைப் பார்த்தால் அதில் ஆளேற்ற முடியாது.

இதே வானின் பயணிகளுக்கென வந்த வகையான கொம்பியில் ஆசனம் பிடிக்கும் இடங்கள் தொழிற்சாலையிலேயே பலப்படுத்தப்பட்டிருக்கும். சாமான் ஏற்ற வந்த பனல் வானில் இருப்பது வெறும் மடிப்புத் தகரம். அதற்காகத்தானே மதிப்பீட்டில் ‘தளம் பலப்படுத்தல்’ என்று தனிவரி போட்டுப் பணமும் வாங்கினீர்கள்? வானை உயர்த்திப் பார்த்தால் கீழே ஒரு தட்டுக்கூட இல்லை. 8 மி.மீ. போல்ட் நான்கு, 25 மி.மீ. வாசர் நான்கு, அவ்வளவுதான்.

பட்டிகளையும் ஆசனச் சட்டத்திலேயே பூட்டியிருப்பதால் முழு இழுவையும் இந்த நான்கு போல்ட்டுகளுக்குத்தான். ஆளுக்கு 70 கிலோ, மோதலில் அதன் 20 மடங்கு என்று கணக்கிட்டால் மூவருக்கும் 4 தொன்னுக்கு மேல் வரும். ஆசனம் முன்பக்கம் கவிழப் பார்க்கும்போது பின்னால் உள்ள இரண்டு போல்ட்டுகளே பெரும்பங்கைத் தாங்க வேண்டும். போல்ட் அறுவதற்கு முன்பே வாசர் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். போல்ட்டைத் தடிப்பாக மாற்றித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். அதனால் இது தீராது.

துளைகள் மடிப்பின் முகட்டில் போடப்பட்டுள்ளன. முகட்டைத் தாங்க உள்ளே குழாய்த்துண்டு இல்லாததால் இறுக்க இறுக்க முகடு நசுங்கி, போல்ட் மறுபடி தளர்கிறது. முன்வரிசைப் போல்ட் ஒன்றின் வால் 40 மி.மீ. நீண்டு, நடுவில் ஓடும் கியர் தண்டை உரசுகிறது. துளைபோட முன் ஒருதரம் கீழே குனிந்து பார்த்திருந்தால் போதும். துளை விளிம்புகளில் துருத்தடுப்புப் பூச்சான பிறைமர்கூட இல்லை, துரு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

மேலதிகக் கட்டணமின்றிச் செய்து தரவேண்டியவை: ஒவ்வொரு பிடிமானத்துக்கும் அடியில் குறைந்தது 3 மி.மீ. உருக்குத் தட்டு வைத்து, அதைக் குறுக்குச் சட்டத்துடன் வெல்ட் செய்ய வேண்டும். மடிப்புக்குள் குழாய்த்துண்டு வைக்க வேண்டும். ஆசனத்துக்கு 10 மி.மீ., 8.8 தரப் போல்ட் (8.8 என்பது போல்ட்டின் பலத்தைக் காட்டும் எண்) போட வேண்டும். பட்டிகளின் பிடிமானம் ஆசனச் சட்டத்தில் அல்ல, வானின் உடலில் இருக்க வேண்டும். அதற்கு 7/16 அங்குல யூ.என்.எஃப். மரை (அங்குல அளவின் நுண்மரை) கொண்ட நட்டுகளைத் தட்டுடன் வெல்ட் செய்யுங்கள். பளபளப்புக்காகத் துருப்பிடியா உருக்குப் போல்ட் போட வேண்டாம். சாதாரணமாகக் கடையில் கிடைப்பது 8.8ஐ விடப் பலம் குறைந்தது. பெற்றோல் தாங்கி பின்னால், கியர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. வெல்டிங் தொடங்க முன் அதையும் பற்றறி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

பழைய துளைகளைத் தகரம் வைத்து வெல்ட் செய்தே மூட வேண்டும், சிலிக்கன் பூசி அல்ல.

பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கையை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் வானைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே 14 நாட்களுக்குள் வேலையைத் திருத்துங்கள், அல்லது தளம் பலப்படுத்தலுக்கும் பொருத்துகூலிக்கும் பெற்ற தொகையைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிடில், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு இக்கடிதத்தின் பிரதி போகும்.

அடிப்பக்கப் படங்கள் ஆறும் பற்றுச்சீட்டின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்