பாலுவுக்கு, சேஷாத்ரி பற்றி

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

மணி போனில் சொன்னான். உன் பெண் கணக்குதான் படிப்பேன் என்கிறாளாம், நீ சாப்பாடுகூட இறங்காமல் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாயாம். அடப்பாவி! ஹாஸ்டல் சுவரெல்லாம் கரியால் கணக்குப் போட்டு வார்டனிடம் மாட்டியது யார்?

கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரியைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறாயா? காஞ்சிபுரத்தில் 1932 பிப்ரவரி 29 அன்று பிறந்தவர். நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள். நம்ம கோபாலுக்கு வாய்த்திருந்தால் ட்ரீட் செலவு மிச்சம். சென்னை லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் கணக்கு படித்தார். அதே ரசீனின் இன்னொரு மாணவர் எம். எஸ். நரசிம்மன். இருவருமே பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார்கள். இருவரும் சேர்ந்து நிரூபித்து 1965இல் வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தை இயற்பியல்காரர்கள்கூட இன்றும் விடவில்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதற்கப்புறம் நடந்ததால்தான். நம் நாட்டில் ஆராய்ச்சி ஒரு கட்டடத்தில், பி.எஸ்சி. வகுப்பு வேறெங்கோ. அவர் அதை ஒப்பவில்லை. ஐம்பத்தேழு வயதில், 1989இல், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் தி.நகரில் ஒரு சின்னக் கணிதப் பள்ளி தொடங்கினார். சென்னை கணிதவியல் நிறுவனமாக வளர்ந்தது அதுதான். 1998இல் இளநிலைப் பட்டப்படிப்பும் வந்தது. பட்டம் கொடுக்க அதிகாரம்தான் இல்லை! மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. அந்தக் காகிதத்தை நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரை நினைத்துப் பார். நீ சேர்த்திருப்பாயா? நான் யோசித்திருப்பேன். தானே பட்டம் கொடுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து 2006இல்தான் கிடைத்தது. அதற்குள் சிறுசேரிக்கு மாறிவிட்டார்கள்.

கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடுவாராம். 2020 ஜூலையில், ஊரடங்கு நேரத்தில் போய்விட்டார். பத்து மாதத்தில் நரசிம்மனும். அந்த வருஷம் போனவர்களை நாம் யாரையும் சரியாக வழியனுப்பவில்லை, பாலு. உன் அப்பாவையும் சேர்த்துத்தான்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். சென்னை கணிதவியல் நிறுவன நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அச்செடுத்து மணியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு முன்னால் நீ உட்கார்ந்து போட்டுப் பார். பேனா எடுத்தால் சாப்பாடு தானாக இறங்கும் உனக்கு.

அன்புடன்,
ரகு