கார் தின்ற நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே. உங்கள் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேலாகிவிட்டது. தினமும் ராத்திரி பதில் எழுத உட்காருவேன், விரல் மடங்காது, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிடுவேன். குளிர் அப்படி. காலையில் ஸ்பேனரை எடுத்துக் கொஞ்ச நேரம் அக்குளில் வைத்திருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஷெட்டில் ஹீட்டர் இருக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம். எப்போதும் போடுவதில்லை, அவ்வளவுதான். குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் உடம்பு தானாகச் சூடாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. "பழைய கார் ரிப்பேருக்கு டாக்ஸி மீட்டர் மாதிரி மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறாயாமே, அது நியாயமா?" என்று கேட்டிருந்தீர்கள். மேல்வீட்டு அக்கா சொல்லியிருப்பாள். அந்த வரிக்குப் பதில் யோசித்ததில்தான் பாதி நாள் போனது.

நீங்கள் முகம் பார்த்துக் கூலி சொன்னவர். பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷம் சும்மா நிற்பீர்கள், வண்டிக்காரர் முகத்தை ஒரு தடவை பார்ப்பீர்கள், ஒரு தொகை சொல்வீர்கள். வேலை மூன்று நாள் இழுத்தாலும் சொன்னது சொன்னதுதான். உங்களுக்கு அது சரியாக வந்தது, ஏனென்றால் வந்ததெல்லாம் தினமும் ஓடுகிற வண்டி, போன மாசம் நீங்களே பிரித்த வண்டி, எந்த போல்ட் முரண்டு பிடிக்கும் என்று உங்கள் கைக்கே தெரியும். என்னிடம் வருவது அப்படியில்லை. ஐம்பது அறுபது வருஷம் ஆனவை, பாதி ஆயுள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தவை, நடுவில் பத்துப் பேர் கை வைத்தவை. ஒருவர் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருப்பார், இன்னொருவர் துருப்பிடித்த ஓட்டையில் பேப்பரைத் திணித்து மேலே பட்டி பூசியிருப்பார். பிரிக்கும்வரை ஒன்றும் தெரியாது. தெரியாத வேலைக்கு முன்னாலேயே மொத்தமாகப் பேசினால், பயத்தில் கூடச் சொல்லி அவரை ஏமாற்றுவேன், இல்லை, வெட்கத்தில் குறைத்துச் சொல்லி நான் ஏமாறுவேன்.

கார் கம்பெனிகளே அந்தக் காலத்தில் டீலர்களுக்கு இந்த வேலைக்கு இத்தனை மணி என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்தான். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அது துருவே ஏறாத போல்ட்டுக்கும், அதே வேலையை வாரத்துக்கு நாலு தடவை செய்கிற ஆளுக்கும் போட்ட கணக்கு. எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று பார்க்க உதவும். கூலி போட உதவாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதினேனே, டை கட்டிக்கொண்டு குப்பை கொட்ட வருகிறவர், அவரிடம் ஒரு எம்ஜிபி இருக்கிறது, இரண்டு பேர் உட்காருகிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1965 மாடல். இந்த வண்டி 1962-லிருந்து 1980 வரை வந்தது, 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் ஸ்பேர் இன்னும் தாராளமாகக் கிடைக்கும். உங்களுக்குப் பிடிக்கும் ஒரு சமாசாரம்: அதன் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் ஒரே வம்சம், பி-சீரிஸ். பானெட்டைத் திறந்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி இருந்தது. மற்றபடி விசித்திரமான வண்டி. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, கனெக்‌ஷன் பாசிட்டிவ் எர்த், அதாவது இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறாகப் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அது தெரியாமல் எவரோ ஒரு ரேடியோவை மாட்டி அதைக் கருக்கியிருக்கிறார்.

பெரியவர் தினமும் நாலு மணிக்கு வருவார். பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நோட்டும் ஸ்டாப் வாட்சுமாக உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது, நம்பாமல் கணக்குப் பார்க்கிறார் என்று. அன்றைக்கு எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் வந்துவிட்டது, அதை எஞ்சினோடு பிடித்திருக்கிற கடைசி ஸ்டட் ஒன்று மட்டும் அசையவில்லை. முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தேன். கேஸ் வைத்துச் சூடாக்கி, மெழுகுவத்தியை அதன் மேல் தேய்த்தேன், சூட்டில் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும், நீங்கள் காட்டிக் கொடுத்ததுதான். கால் சுற்று வந்தது. திருப்பி உள்ளே விட்டு, மறுபடி வெளியே இழுத்தேன். அரைச் சுற்று. கை லேசானது, எனக்குத் தெரிந்துவிட்டது, 'டக்' என்று எஞ்சின் ஹெட்டோடு ஒட்ட முறிந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் நடு மையத்தில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கி, எதிர்ப்பக்கம் சுற்றுகிற டிரில்லை மெதுவாக இறக்கினேன், அதுவே பிடித்துக்கொண்டு ஸ்டட்டின் மிச்சத்தை வெளியே சுற்றிக் கொண்டுவந்துவிட்டது. பெரியவர் வாட்சை அமுக்கினார். 3 மணி 20 நிமிஷம். அட்டவணையில் அந்த மேனிஃபோல்டு முழுவதற்குமே அவ்வளவு நேரம் கிடையாது.

இந்த நேரத்துக்கு யார் கொடுப்பது? நீங்கள் என்றால் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கார் தின்ற நேரம் கார்க்காரருடையது, என் அறியாமை தின்ற நேரம் என்னுடையது. அந்த ஸ்டட் அறுபது வருஷமாகத் துருப்பிடித்தது, அதில் என் தப்பு எதுவும் இல்லை, அதை பில்லில் போட்டேன். ஆனால் அந்த வண்டியின் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டையும் ஒரே அளவில் காற்று இழுக்க வைக்க முதல் தடவை ஒரு பகல் முழுக்கத் திணறினேன். தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார், அதனால் ஒரு மணிதான் எழுதினேன். மிச்சம் நான் படித்ததற்குக் கட்டிய ஃபீஸ்.

இரண்டிலும் சேராத கேஸும் வரும். ஸ்பார்க் சீராக வருவதற்கான கண்டென்சரைப் புதிதாகப் போட்டேன். வண்டி குளிரில் நன்றாக ஓடும், சூடானதும் திக்கும். ஐந்து மணி நேரம் பெட்ரோல் பக்கமெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் பழைய கண்டென்சரையே எடுத்துப் போட்டால் சரியாகிவிட்டது. இப்போது வருகிற கண்டென்சர்களில் இந்தத் தொல்லை அடிக்கடி உண்டு. விற்றவர் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்வார், என் ஐந்து மணியை யார் எடுத்துக்கொள்வார்? அதைப் பாதி பாதியாகப் பிரித்தேன், ஏனென்றால் பொருளை வாங்கினவன் நான், அதில் லாபமும் கொஞ்சம் வைத்தவன் நான். அவரே எங்கேயோ மலிவாக வாங்கி வந்து மாட்டச் சொல்லியிருந்தால் முழு நேரமும் அவர் கணக்குதான். அதை முதலிலேயே வாயால் சொல்லி, பேப்பரிலும் எழுதிவிடுகிறேன்.

சரி, மணிக்கு எவ்வளவு என்பதை எப்படி முடிவு செய்தேன் என்று கேட்பீர்கள். முதல் வருஷம் தப்பாகத்தான் போட்டேன். வருஷத்தில் 48 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 1920 மணி என்று வைத்து, வாடகை, கரண்டு, இன்ஷூரன்ஸ், டூல், வெல்டிங் கேஸ், என் சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் கூட்டி அதால் வகுத்தேன். ஆனால் பில்லில் எழுத முடிகிறது நாளுக்கு 5 மணிதான். மிச்சம் 3 மணி போன், ஸ்பேர் தேடுவது, ஷெட்டைப் பெருக்குவது, ஒரு வண்டியை எடுக்க இன்னொரு வண்டியைத் தள்ளுவது, இதிலேயே போய்விடும். அப்படிப் பார்த்தால் 1200 மணிதான். 100 வர வேண்டிய இடத்தில் 62-தான் வந்துகொண்டிருந்தது. ஏன் கையில் நிற்கவில்லை என்று எட்டு மாசம் புரியவே இல்லை. இப்போது சரி செய்துவிட்டேன், அதனால் நீங்கள் பழைய கதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைத்து வாங்குவது தர்மம் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் குறைத்துப் பேசின வண்டி என்ன ஆகும் தெரியுமா? மூலைக்குப் போகும். முழுக்கூலி கொடுக்கிறவர் வண்டியை முதலில் முடிப்பேன், இதை அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளுவேன். கடைசியில் அந்த மனுஷருக்கு நான் செய்த உபகாரம் பதினோரு மாசக் காத்திருப்பு. அப்புறம், ஜாகுவார் ஈ-டைப் மாதிரி விலை கூடின வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு ரேட், எம்ஜிபிக்காரருக்கு ஒரு ரேட் என்றும் நான் வைப்பதில்லை. தான் எந்த வண்டியில் மாட்டியிருக்கிறோம் என்று போல்ட்டுக்குத் தெரியுமா?

ஒருவர் மட்டும், பாடியை முழுக்கப் பிரித்த பிறகு போன் எடுப்பதில்லை. ஷெட்டில் பாதி இடம் அவர் வண்டிதான். வருவார். அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பில், பணம் வந்தால்தான் அடுத்த இரண்டு வாரம் வேலை என்று வைத்துவிட்டேன்.

பெரியவர் கதையை முடிக்கவில்லையே. வேலை முடிந்து பில் கொடுத்தேன், 31 மணி. அவர் நோட்டைத் திறந்து 33 மணி 10 நிமிஷம் என்றார். கீழே விழுந்த வாஷரைத் தேடினது, கையில் வெட்டுப்பட்டுக் கட்டுப் போட்டது எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். தனியாக இன்னொரு பத்தி, அவர் பேசி என்னை நிறுத்திய நேரம். அதற்கு என்ன ரேட் என்று நிஜமாகவே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு மணி ஆனால் கதவுப் பக்கம் பார்வை போகிறது. பெயிண்ட் டப்பாவை எடுத்து வைக்கவில்லை, அது பாட்டுக்குக் கவிழ்ந்தே கிடக்கிறது.

அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டப்பெட் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது, உடனே கை தானாக நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை டப்பெட் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். அதே சத்தம் அப்பா. நீங்கள் காலையில் வண்டியை ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்களே, நான் பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நிற்பேனே, "நாலாவது வால்வு, கேட்குதா?" என்பீர்களே. எனக்கு அப்போது ஒன்றும் கேட்காது, கேட்குது என்பேன். இப்போது கேட்டது. பெரியவர் என்ன ஆச்சு என்றார், புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

போகட்டும். தம்பி விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் அவசரம். பெரியப்பாவின் சிநேகிதர் வண்டிக்கு டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் மொத்தமாகப் பேசி ஒத்துக்கொண்டான், பட்டியைச் சுரண்டினால் தரைத் தகடு முழுக்க ஓட்டை என்று எழுதியிருந்தீர்கள். இனிமேல் ஒரு தகடு வெட்டக் கூடாது என்று சொல்லுங்கள். இருக்கிறபடியே போட்டோ எடுக்கட்டும், அவரை நேரில் வரச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டட்டும். ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலேயே கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொல்லட்டும், அப்புறம் வாக்குவாதமே இருக்காது. பேசின தொகை பேசின வேலைக்கு, கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தகடு வேலை மட்டும் மணிக்கணக்கு, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பணம். பெரியப்பாவுக்குக் கோபம் வரும். வந்தால் நான் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான்தான் தூரத்தில் இருக்கிறேனே, என்னைத் திட்டுவது சுலபம். வெட்டியே ஆக வேண்டும் என்றால் கதவு இடைவெளியை முதலில் அளந்து, வண்டியின் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்து நிறுத்திவிட்டு வெட்டட்டும், இல்லாவிட்டால் கதவு பிறகு சேராது.

அக்காவிடம், அவள் கேட்டதை மறக்கவில்லை, இந்த மாசம் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லுங்கள். பேங்கில் ஏதோ ஃபார்ம் மாற்றியிருக்கிறார்கள், அதுதான். உங்கள் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன படத்தை எடுத்தீர்களா? எடுக்காமல் எடுத்தேன் என்று எழுத வேண்டாம், அம்மா எனக்குத் தனியாக எழுதிவிடுவாள்.

கடைசியாக ஒன்று. அங்குல ஸ்பேனர் செட்டை யாரோ விலைக்குக் கேட்கிறார், இனி யாருக்கு வேண்டும், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுத்துவிடாதீர்கள். இந்த வண்டிகளுக்கெல்லாம் 1/2, 9/16 இல்லாமல் ஒன்றும் நடக்காது, இங்கே நான் வாங்கினது முனை வழுக்குகிறது. தம்பியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். ரிங் ஸ்பேனர் மட்டும் போதும், சித்தப்பா மகன் இந்தப் பக்கம் வரும்போது அவன் பையில் வைத்து அனுப்புங்கள். கனமாக இருக்கிறது என்று முனகுவான், கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்