சேட்டைக்காரப் பிள்ளையும் பெற்றோரின் நினைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'இந்தப் பிள்ளை இல்லாதிருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம்' என்று நினைக்கிற தாய் தாயே அல்லள் என்றும், அத்தகையோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். குழந்தைகள் மீதுள்ள அக்கறையால்தான் அவர் அப்படி எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் சொன்னபடி நடந்தால், சேலம் சிவதாபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். கணக்கெடுப்பை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் மகனுக்கு எட்டு வயது. வீட்டின் முன்கட்டுதான் எங்கள் கொலுசுப் பட்டறை. வியாபாரி எடை போட்டுக் கொடுக்கும் வெள்ளியை எடை போட்டே திருப்பிக் கொடுக்க வேண்டிய தொழில் இது. கூலி மட்டுமே எங்களுடையது. சென்ற ஆடி மாதத்தில், இரண்டு வியாபாரிகளுக்காகத் தனித்தனித் தட்டுகளில் பிரித்து வைத்திருந்த கண்ணிகளையும் சலங்கைகளையும் அவன் ஒன்றாகக் கொட்டிக் கலந்ததோடு நில்லாமல், ஒரு கைப்பிடி அள்ளி வாசல் சாக்கடையில் இறைத்துவிட்டான். கேட்டதற்கு, மீனுக்குப் பொரி போட்டதாகச் சொன்னான். அன்றிரவு என் கணவர் அந்தச் சேற்றை வாளி வாளியாக அள்ளி முறத்தில் கொட்டி அலச, நான் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளியைப் பற்றவைக்கும் கேஸ் சுடரும் கழுவும் அமிலமும் இருக்கிற வீட்டில் இப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதென்றால் என்ன என்பதை, விளக்கிச் சொல்லாமலேயே இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். சேற்றில் கைவைத்தபடியே என் கணவர், 'இவன் இல்லையென்றால் இந்நேரம் தூங்கியிருப்போம்' என்றார். நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு, பிள்ளையை ஓமலூரில் இருக்கும் என் அம்மா அழைத்துச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் வண்டியில் ஏற்காட்டுக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகள் 20-ஐயும் எங்கும் நிறுத்தாமல் ஏறினோம். 'லேடீஸ் சீட்' என்ற காட்சிமுனையில் உட்கார்ந்து கீழே சேலம் நகரத்தைப் பார்த்தபடி, பிள்ளையில்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒருவருக்கொருவர் வெளிப்படையாகவே பேசிக்கொண்டோம். அவர் சொன்னது: தட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். நான் சொன்னது: ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிடலாம். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தால் வயிறு கலங்காது. மாமியார் வீட்டு உறவுகள் 'வளர்ப்பு சரியில்லை' என்று சொல்லக் காரணம் இருக்காது. சொல்லிச் சொல்லிப் பார்த்தபோது, எங்கள் பட்டியலில் இருந்தவை தூக்கம், சோறு, மானம் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிட்டன. பிள்ளை போய்த்தான் இவை வர வேண்டும் என்பதில்லை. ஒருவர் கூட நின்று தாங்கிப் பிடித்தாலே கிடைத்துவிடக்கூடியவை இவை. அந்த ஒருவர் இல்லாத வீடுகளில்தான் அத்தகைய நினைப்பு வருகிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

இது இக்காலத்துப் பெற்றோரின் தன்னலம் என்றும் அவ்வாசகர் குறிப்பிட்டிருந்தார். 'உன்னைப் பெத்த வயித்துல பிரண்டையைத்தான் கட்டிக்கணும்' என்று நம் பாட்டிமார் அலுத்துக்கொண்டபோது எந்தக் காலம் நடந்தது? அவர்கள் அலுத்துக்கொள்ளத் திண்ணை இருந்தது, கேட்டுவிட்டுச் சிரிக்கப் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள், அடம்பிடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஓர் அத்தையோ சித்தியோ இருந்தார்கள். இன்று அதே சொல்லை நான் சொன்னால், அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விசாரணைக்கு வருகிறது.

ஒன்றை மட்டும் நான் அவ்வாசகருடன் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நினைப்பது வேறு, பிள்ளையின் காதில் விழும்படி சொல்வது வேறு. 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று கொஞ்சலாகச் சொன்னதையே நம்பிக்கொண்டு அழுத பிள்ளைகள் நம் ஊரில் உண்டு. கோபத்தில் சொன்னால் அவர்கள் நம்பாமல் இருப்பார்களா? சேலத்து வீடுகளில் புழங்கும் இன்னொரு மிரட்டல் 'ஏற்காட்டு ஹாஸ்டலில் தள்ளிவிடுவேன்' என்பது. 1917-இல் தொடங்கப்பட்ட மான்ட்போர்ட் பள்ளி முதலாக அம்மலையில் உள்ள உறைவிடப் பள்ளிகளுக்குப் பெற்றோர் ஆசைப்பட்டுப் பணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அவற்றைப் பிள்ளைகளின் மனத்தில் சிறைச்சாலையாக்குவது எவ்வகையில் நியாயம் என்று தெரியவில்லை. (கட்டணத்தைக் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் அடிவாரத்திலேயே திரும்பிவிடுவோம் என்பது தனிக்கதை.)

சட்டம்கூட அவ்வாசகரைவிடப் பொறுமையாக இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் கைவிடுவதையும் 75-ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அது தண்டிப்பது செயலை. மனத்தில் ஓடுவதை அன்று. அதே சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தம் சக்திக்கு மீறிய காரணங்களால் பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வரலாம் என்றும், அவர்களுக்கு முதலில் ஆலோசனை வழங்க வேண்டும் என்றும், ஒப்படைத்த பிறகும் மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்றும் கூறுகிறது. நினைப்பதோடு நின்றவர்களைப் பற்றி அல்ல, ஒப்படைக்கவே வந்துவிட்டவர்களைப் பற்றித்தான் சட்டம் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்ல இடமளித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்தக் கொடுமையையும் எங்கள் சலிப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் அன்று அரசு தொட்டிலை வைத்தபோது, 'ஏன் கொண்டுவந்தாய்' என்று கேட்டு அவமானப்படுத்தினால் எந்தத் தாயும் அருகில் வரமாட்டாள் என்பதைப் புரிந்துகொண்டிருந்தது. பெற்றோரின் வாயை அடைப்பதால் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகரிக்காது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை.

எல்லாச் சேட்டையும் நோய் அன்று. ஆனால் சில பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு இருக்கக்கூடும். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வீட்டில் மட்டுமன்றிப் பள்ளி போன்ற வேறோர் இடத்திலும் காணப்படுகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். பட்டறையில் தட்டைக் கவிழ்த்துவிட்டு, பள்ளியில் அமைதியாக உட்காருகிற பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கலாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அது கண்டறிய வேண்டிய 30 குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஹெச்டியும் உள்ளது. எங்கள் தெருவில் பலருக்கு அக்குழு பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போகும் என்று மட்டுமே தெரியும். எங்கள் மகனைப் பரிசோதித்த மருத்துவர், மாத்திரை எதுவும் எழுதாமல், அவனை எப்படி நடத்துவது என்று எங்கள் இருவருக்கும் பயிற்சி தர வேண்டும் என்றார். அப்பயிற்சிக்கான நேரம் வேலைநாளில் காலையில்தான். பட்டறைக்காரருக்கு ஒரு காலைப்பொழுது போனால் அன்றைய கூலியில் பாதி போயிற்று. எங்களில் யாராவது ஒருவர்தான் மாறி மாறிப் போய்வருகிறோம், இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று அவர்கள் சொல்லியும்.

ஆகவே, மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக எங்கள் வேண்டுகோள் இது. சேலம் அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் நடத்தை தொடர்பான ஆலோசனையை வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் நடத்த வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில், மதிப்பெண்ணையும் கட்டடத்தையும் பேசி முடித்த பின்பு, பெற்றோர் தனியே மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகரை வரவழைக்க வேண்டும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம் என்பதை, 1098 குழந்தைகள் உதவி எண்ணை எழுதுவது போலவே பள்ளிச் சுவர்களில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: அறிவுரை சொல்வதற்குப் பதிலாக, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். தட்டுகளை மட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு தாய்,
சிவதாபுரம், சேலம்.