எறவாணத்துத் தம்ளர்

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எதற்குச் சரி சொன்னாய் என்று மறுநாள் கேட்டால் உனக்கும் தெரியாது. அதனால்தான் ஊர் வீட்டைப் பற்றி இந்தக் கடிதம். சாவகாசமாக ஞாயிற்றுக்கிழமை படி.

முதலில் பணக் கணக்கு. ஊர் வீட்டுத் தரைக்குக் கிரானைட் போடச் சொல்லி நீ அனுப்பிய மூன்று லட்சத்தில் ஒரு ரூபாய்கூடத் தரைக்குப் போகவில்லை. ஓடுகளை இறக்கி மறுபடி வேய்ந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசியது, கிழக்கு மூலையில் இரண்டு கக்கூஸ் கட்டியது, இவ்வளவுக்கும் சரியாகப் போய்விட்டது. அந்தச் சிவப்புத் தரைக்கு என்ன குறை? கோடை மத்தியானத்தில் வெறும் தரையில் படுத்தால் இன்றைக்கும் முதுகு குளிர்கிறது.

அப்பா போனபின் நான் தோட்டத்துச் சாளை வீட்டுக்கே வந்துவிட்டேன் அல்லவா, ஊர் வீடு நாலு வருசம் பூட்டிக் கிடந்தது. நோம்பிக்கு ஒரு தரம் திறந்து கூட்டி, விளக்கு வைத்துவிட்டுப் பூட்டுவேன். அடுப்புப் புகை ஏறுகிற வீட்டில் கரையான் ஏறாது என்பார் உங்க ஆத்தா. நான் அதை நம்பியதில்லை. நாலு வருசத்தில் கூரையைத் தாங்கும் பனங்கை இரண்டை உள்ளுக்குள்ளேயே தின்று வெறும் தோலை வைத்திருந்தது கரையான். ஓட்டுக்காரர் விரலால் தட்டிக் காட்டினார், மேளம் மாதிரி சத்தம் வந்தது.

ஓடு என்றதும் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் ஓட்டின் அடியில் '1865' என்று பார்த்துவிட்டு, நம் வீட்டுக்கு அவ்வளவு வயசு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருசம். அப்புறம் அடித்த ஓடுகளிலும் அதையே அச்சில் போட்டார்கள். வீடு கட்டியது உன் அப்பாரு தாத்தாவின் அய்யன் காலத்தில். இறக்கியபோது பதினோரு ஓடுதான் உடைந்தது. உடைந்ததில் ஒன்றை, எழுத்துத் தெரிகிற பக்கமாக, உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்கு ஏன் அவ்வளவு செலவு, சிமெண்ட் பூசியிருக்கலாமே என்று உன் பெரியப்பா மாதிரி நீயும் கேட்பாய். சமையல்கட்டுச் சுவருக்கு உங்கப்பா ஒரு தரம் சிமெண்ட் பூசினாரே, மறந்துவிட்டதா? கல்லும் மண்ணும் வைத்த இரண்டடிச் சுவர் அது. அடியிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. மூன்றே மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. இந்தத் தடவை சென்னிமலைப் பக்கத்திலிருந்து வயசான கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்தேன். சுண்ணாம்பைக் குழியில் நீற்றிப் பதினைந்து நாள் ஊறப்போட்டார். கடுக்காயைத் தட்டித் தனியாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துச் சாந்தில் ஊற்றினார். வீதியில் போகிற பிள்ளைகள் எல்லாம் என்ன பலகாரம் என்று எட்டிப் பார்த்தன.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தார்கள் இல்லையா, கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததற்கு ஈடாக. நம் ஊருக்குத் தன்னார்வலராக வந்தது கிழக்கால வளவுப் பிள்ளை, நாம் ஒதுக்கி வைத்த சனங்கள் குடியிருக்கிற தெருவிலிருந்து. பி.எஸ்சி. படித்தவள், மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் உட்கார இடம் இல்லை, திண்ணையைத் தருவீர்களா என்று கேட்டாள். திண்ணைதானே என்று சாவியைக்கூட எடுக்காமல் சரி சொன்னேன்.

அடுத்த வருசம் ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் திண்ணை முழுக்க அடிக்கிறது. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். வீட்டு முன்கூடமான ஆசாரத்துக் கதவைத் திறந்து, "எல்லாரும் உள்ளே வாங்க" என்றேன். நம் தெருப் பிள்ளைகள் திபுதிபுவென்று ஓடி வந்துவிட்டார்கள். வளவுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்ற இடத்திலேயே நனைகிறார்கள். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து, "உள்ளேயுங்களாம்மா?" என்றாள். ரொம்பச் சின்னவன் ஒருவன், இரண்டாவது படிப்பவன், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். மழைக்காகக் கழற்றவில்லை கண்ணு. நம் தெருவுக்குள் நுழைந்ததுமே கழற்றிவிடுவானாம். அவன் ஆத்தா சொல்லிக் கொடுத்தது. கையில் செருப்பு, கக்கத்தில் நோட்டு, நோட்டு நனையக் கூடாது என்று உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கிறான்.

கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயசு. அத்தனை வருசமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

எனக்கே அந்த ஆசாரத்தில் உட்காருகிற யோகம் உன் அப்பாரு போன பிறகுதான் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் ஆண்கள் உட்கார்ந்திருந்தால் குறுக்கே நடக்கக்கூட மாட்டேன். புழக்கடையைச் சுற்றிப் போய்த்தான் காபி கொண்டுவந்து நிலைப்படியில் வைப்பேன். வேறு பெயரா கிடைக்கவில்லை, ஆசாரம் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அந்த மழைக்குப் பிறகு வீட்டைப் பூட்டிப் போடவில்லை. சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, யாருக்கு வேண்டுமோ வாங்கிக்கொள்வார்கள். மகளிர் குழு மாசக் கூட்டம் நடுமுற்றத்துத் தொட்டியைச் சுற்றி நடக்கிறது. சர்க்கரை, பிரசர் பார்க்க வருகிற பெண் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறாள். சனிக்கிழமை ராத்திரி வாசலில் வள்ளி கும்மி. அதற்கு ஒரு வாத்தியார் வருகிறார். 2024-ல் பத்மஸ்ரீ வாங்கினாரே பத்திரப்பன் ஐயா, ஆம்பிளைகள் மட்டும் ஆடிய கும்மியைப் பொம்பளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர், அவரைப் பற்றித்தான் மூச்சுக்கு மூச்சு பேசுவார். இந்த வாத்தியாரும் முதல் நாள் "நம்மாளுக மட்டும்தானுங்களே?" என்று மெதுவாகக் கேட்டார். வாசலில் யார் வந்து நின்றாலும் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் வாசல் இல்லை என்றேன். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். இப்போது முன்வரிசையில் ஆடுவது யார் என்று நீ வந்து பார்.

இங்கேதான் பெரியப்பாவோடு மனஸ்தாபம். வீட்டை நம் பங்காளிக் கூட்டத்துப் பேரில் அறக்கட்டளையாக எழுதிவிடலாம், கல்வெட்டு வைக்கலாம், நூறு வருசத்துக்கு நிற்கும் என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாட்டன் கட்டிய வீடு விழக் கூடாது என்கிற தவிப்பு அவருக்கும் இருக்கிறது. பாகத்தில் இந்த வீடு நமக்கு வந்தபோது ஒரு வார்த்தை பேசாதவர் அவர். ஆனால் கூட்டத்துக்கென்று குலதெய்வக் கோயில் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. இந்த வீட்டுக்குக் கல் சுமந்ததும் சுண்ணாம்பு இடித்ததும் வளவுக்காரர்கள். பட்டிப் பொங்கலுக்கு நாம் "பட்டி பெருக" என்று கூவியபோது அந்தப் பட்டியை வருசம் பூராவும் கூட்டி அள்ளியதும் அவர்கள்தான். கல்வெட்டு வைத்தால் அந்தச் சின்னவன் மறுபடியும் செருப்பைக் கையில் எடுத்துவிடுவான். அதோடு, பொது அறக்கட்டளைக்கு ஒரு தரம் எழுதிவிட்டால், நாளைக்கு அது வேறு திசையில் போனாலும் நாம் திருப்பி வாங்க முடியாதாம், வக்கீல் சொன்னார்.

பிரித்து விற்றுவிடலாம் என்று நீ சொன்ன யோசனையும் வேண்டாம். அந்தப் பழைய மரச் சாமான் வியாபாரி தூணுக்கும் நிலைக்கதவுக்கும் நல்ல விலைதான் சொன்னார், கதவுக்கு மட்டும் 80,000. எங்கேயோ ஒரு ஓட்டலில் கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது நிற்பதை நினைத்துப் பார்த்தேன், மனசு வரவில்லை.

நானும் அக்காவும் யோசித்தது இது. வீடு நம் மூன்று பேர் பேரிலேயே இருக்கட்டும். விற்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஊரில் ஒரு சங்கம் பதிவு செய்கிறோம். 1975-ஆம் வருசச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். நாலு பேர் பெண்கள், ஏழில் மூன்று பேர் வளவிலிருந்து. பாடம் சொல்லிக் கொடுத்த அந்த வளவுப் பிள்ளைதான் செயலாளர். சங்கத்துக்குப் பதினைந்து வருசத்துக்குக் குத்தகை. ஒரு வருசத்துக்கு மேல் போனால் பதிவு செய்தாக வேண்டும், அதற்குத்தான் உன் கையெழுத்து. மேற்கு அறை மட்டும் நமக்கு. நீ பிள்ளைகளோடு வந்தால் தங்க வேண்டுமே.

தை மாசம் நேரில் வந்தால் நல்லது. முடியாவிட்டால் ஸ்டட்கார்ட்டிலிருந்து ம்யூனிக் போய், நம் துணைத் தூதரகத்தில் அக்கா பேருக்குப் பவர் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதனால் அனுப்பும் தேதியை அக்காவிடம் சொல்லிவிடு. வேண்டாம் என்றாலும் சொல். ஆனால் "சரிம்மா" என்று மட்டும் சொல்லாதே.

இன்னும் ஒன்று. ஓடு இறக்கும்போது வாசல் பக்கத்து எறவாணத்தில், கூரை விளிம்புக்கு அடியில், சொருகியிருந்த ஒரு அலுமினியத் தம்ளர் கிடைத்தது. நசுங்கி, அடியில் பாசி பிடித்திருந்தது. யாருக்கென்று வைத்த தம்ளர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே அதில் மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாய். நான் அதைப் பழைய இரும்புக் கடைக்காரனிடம் போடப் போனேன். அக்கா தடுத்துவிட்டாள். ஆசாரத்திலேயே ஒரு மாடத்தில் வைக்க வேண்டும், வருகிற பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டும் என்கிறாள். கொத்தனார் வேண்டாத பேச்சு என்றார். வளவுப் பிள்ளையைக் கேட்டேன். அவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க அம்முச்சிகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லிப் போனாள். இன்னும் வந்து சொல்லவில்லை.

இப்போதைக்கு அது என் பீரோவில், உங்கப்பா கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். கொள்ளும் கருப்பட்டியும் அக்கா பார்சல் போட்டிருக்கிறாள்.

அம்மா