மோட்டார் வாங்கும் முன் வண்டியை அளந்து பாருங்கள்: கடலூர் மாவட்ட நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்களுக்கு மின் மோட்டார் பொருத்தித் தர வேண்டும் என்று திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் மனு கொடுப்பவர்களில் சிலருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். கடலூர் முதுநகரில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது, நிறைவேற்றக்கூடியதும்தான். ஆனால் ஒரே வகை மோட்டாரை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மண்டபத்தில் வரிசையாக நிறுத்திய வண்டிகளில் எல்லாம் மாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தால், அந்தப் பணத்தில் பாதி பயனில்லாமல் போகும் என்ற கவலையால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

இதைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு ஒரு காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பட்டறைக்கு வரும் வண்டிகளின் உரிமையாளர்களில் இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர்களே அதிகம். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்துவிட்டது. அந்த வைரஸால் புதிதாக ஒரு குழந்தையும் அவதிப்படவில்லை என்பதில் மகிழ்ச்சிதான், ஆனால் முன்பே பாதிக்கப்பட்டவர்கள் நாற்பதையும் ஐம்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். காலுக்கும் சேர்த்து இத்தனை ஆண்டுகள் உழைத்த தோள்பட்டைகள் இப்போது வலிக்கத் தொடங்கிவிட்டன. போலியோ வந்து பல ஆண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடியும் தளரும் நிலை ஒன்று உண்டு என்பதையும், அளவுக்கு மீறிய உடலுழைப்பு அதை மோசமாக்கும் என்பதையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 41ஆவது பிரிவில், தனிநபர் நடமாட்டத்திற்குக் கட்டுப்படியாகும் செலவில் அரசு வகுக்க வேண்டிய திட்டங்களைச் சொல்லுமிடத்தில், வாகனங்களை மாற்றியமைத்துத் தருவதையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே இதைச் சலுகையாகக் கருத வேண்டியதில்லை.

இனி வண்டிக்கு வருகிறேன். அலுவலகக் கோப்பில் எல்லாமே 'மூன்று சக்கர சைக்கிள்' என்ற ஒரே பெயரில் இருக்கும். பட்டறையில் அவை இரண்டு தனி இனங்கள். ஒன்றில் நெஞ்சுக்கு எதிரே இரு கைகளாலும் பெடலைச் சுற்ற வேண்டும். செயின் முன்சக்கரத்துக்குப் போகும். மற்றொன்றில் பெடல் ஒரு பக்கமாக இருக்கும். ஒரு கையால் அதைச் சுற்றிக்கொண்டே மறு கையால் திருப்ப வேண்டும். செயின் பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் இழுக்கும். சந்தையில் பரவலாக விற்கும் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கும் மோட்டார், இரு சக்கர சைக்கிளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் முன்சக்கரத்துக்கென விற்கப்படுவதில் செயின் பல்சக்கரம் மாட்ட இடமே இருக்காது. அதை இரு கை வண்டியின் முன்சக்கரத்தில் பொருத்தினால் மோட்டார் ஓடும், கைப் பெடல் செத்துவிடும். பெடலும் வேண்டுமென்றால் பின்சக்கரத்துக்கென விற்கும், ஃப்ரீவீல் (ஒரு பக்கம் மட்டும் இழுத்து, மறுபக்கம் தடையின்றிச் சுழலும் பல்சக்கரம்) மாட்ட மரை உள்ள மோட்டாரை வாங்கி, அதன் அகலத்துக்கு ஏற்ப, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கை மாற்றிக் கட்ட வேண்டும். இது பட்டறை வேலை. பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டிவிடும் வேலை அல்ல.

கைப் பெடல் எதற்கு, அதுதான் மோட்டார் இருக்கிறதே என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைத் தாக்கிய பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. சார்ஜ் போட முடியாத நாளில் ரேஷன் கடைக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டியவர் அந்தப் பெடலைத்தான் நம்புவார். எனவே பெடலைக் கழற்றிவிட்டுப் பொருத்தும் எந்த ஏற்பாட்டையும் ஒப்பந்தத்திலேயே விலக்கிவிடுமாறு வேண்டுகிறேன்.

பெடலைக் காப்பாற்ற நினைத்தால் மோட்டாரின் உட்புறத்தையும் கவனிக்க வேண்டும். ஹப் மோட்டாரில், உள்ளே சிறு பல்சக்கரங்கள் வைத்த கியர் வகை உண்டு. கியர் இல்லாத நேரடி வகையும் உண்டு. நேரடி வகை எடை கூடியது, உழைப்பு நீண்டது. ஆனால் மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் காந்தங்கள் சக்கரத்தைப் பிடித்து இழுப்பதால், அந்த இழுப்பையும் சேர்த்துக் கைதான் சுமக்க வேண்டும். கியர் வகையில் உள்ளே ஒரு கிளட்ச் இருப்பதால் மோட்டார் நின்றாலும் சக்கரம் தடையின்றிச் சுழலும். மெதுவாகப் போகும்போது இழுவையும் நன்றாக இருக்கும். அதே கிளட்ச்சினால் பின்னோக்கி ஓட்ட முடியாது என்பது அதன் குறை. கையில் வலு உள்ளவர் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிப் பின்னால் வந்துவிடுவார். கையும் பலவீனமானவர் ஒரு குறுகிய சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டால் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவருக்குப் பின்னோக்கியும் ஓடும் மோட்டார்தான் சரி. எந்த மோட்டார் என்ற கேள்விக்கு விடை அந்த மனிதரின் கையில் இருக்கிறது என்று நான் சொல்வதை அப்படியே நேர்பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கையால் சுற்றும் வண்டிக்கு, அதன் இரும்புச் சட்டத்தில் (ஃபிரேமில்) தனியாகப் பொருத்திய கியர் மோட்டாரிலிருந்து இரண்டாவது செயின் ஒன்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது எளிது. பழுது பார்ப்பதும் மலிவு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உந்துவதால் வண்டி சற்றே ஒரு புறம் இழுக்கும் என்றாலும் மெதுவான வேகத்தில் சமாளித்துவிடலாம்.

பொருத்துபவர் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்காரத்தோப்பிலிருந்து என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். உரிமையாளர் கருவாடு விற்கும் ஒரு பெண்மணி. சொந்தப் பணம் போட்டு வெளியூர்க் கடை ஒன்றில் மோட்டார் மாட்டியிருந்தார். ஹப் மோட்டாரில் சக்கரம் ஒரு பக்கம் சுழல, அதே விசையோடு அச்சு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். அதைத் தடுக்க அச்சின் தட்டையான பக்கத்தைக் கவ்வி, ஃபோர்க்கோடு இறுக்கிக் கட்டும் தடித்த எஃகுப் பட்டை ஒன்று வேண்டும். அந்த வண்டியில் அது இல்லை. மெல்லிய தகடாலான ஃபோர்க்கில் அச்சு அமரும் காடி வாய் பிளந்து, அச்சு அதற்குள் முழுச்சுற்றுச் சுற்றி, அச்சின் துளை வழியே வெளிவரும் ஒயர்க் கற்றையைத் துணி பிழிவதுபோல் முறுக்கி அறுத்திருந்தது. நட்டு தளர்ந்து சக்கரம் கழன்று விழாமல் இருந்தது அவருடைய நல்ல நேரம். அந்தப் பட்டைக்கு ஆன செலவு மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிரேக்கைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பட்டறைக்கு வரும் கை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு பிரேக். அதுவும் ரிம்மில் ரப்பர் கட்டை உரசும் வகை. மழையில் நனைந்தால் பாதிப் பிடிப்புகூட இராது. வேகம் இரட்டித்தால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். காலை ஊன்றி நிறுத்தவும் இவர்களால் இயலாது. ஆகவே மோட்டாருக்கு முன்பே பின்சக்கரங்களுக்கு டிரம் அல்லது டிஸ்க் பிரேக், மேட்டில் நிற்கும்போது பூட்டிவைக்க ஒரு பிரேக், பிரேக் பிடித்த நொடியிலேயே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஆகியவை இருந்தாக வேண்டும். நிதி போதாது என்ற நிலை வந்தால், மோட்டார் பொருத்தும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்; பிரேக்கில் குறைக்க வேண்டாம்.

வேகத்துக்கும் வரம்பு தேவை. முன்னால் ஒற்றைச் சக்கரமும் உயரமான இருக்கையும் உள்ள வண்டி, வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழும். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலரிலேயே அந்த அளவுக்குக் கட்டுப்படுத்திவிடலாம். 250 வாட் மோட்டார் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டி, ஆள், சுமை எல்லாம் சேர்ந்து 125 கிலோ என்று வைத்துக்கொண்டால், சமதரையில் 12 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். இருபதடிக்கு ஓரடி ஏறும் மேம்பாலச் சரிவில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறத்தாழ 220 வாட் தேவைப்படும். ஆக மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர்த் தெருக்களுக்கு 250 வாட் தாராளம். கேப்பர் மலைப் பக்கம் குடியிருந்து அன்றாடம் மேடேற வேண்டியவருக்கு, வாட்டைக் கூட்டுவதைவிட மோட்டார் சக்கரத்தின் விட்டத்தைக் குறைப்பது நல்லது. 28 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 20 அங்குலச் சக்கரத்தில் அதே மோட்டார் மெதுவாக ஓட்டும், ஆனால் கூடுதலாக இழுக்கும்.

வாட்டைக் கூட்டாமல் இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 0.25 கிலோவாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவாக இருந்து, சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் பெற்ற மின்கல வண்டிகளுக்கு மோட்டார் வாகனம் என்ற வகைப்பாட்டிலிருந்து விலக்கு உண்டு. பட்டறையில் மாற்றியமைத்த மூன்று சக்கர சைக்கிள் அந்த விலக்குக்குள் தானாக வந்துவிடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கருத்தை எழுத்து மூலம் பெற்று, பயனாளி ஒவ்வொருவருக்கும் அதன் நகலைத் தாங்கள் தந்தால், சாலையில் நிறுத்திக் கேட்கப்படும்போது அவர் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

பேட்டரியைப் பொறுத்தவரை ஈய அமில வகை வாங்கும்போது மலிவு. எடை அதிகம், ஆயுள் குறைவு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை விலை கூடினாலும் பல மடங்கு உழைக்கும். மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டையும் தாங்கும். ஓலைக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழே, ஆள் படுத்திருக்கும் அறையிலேயே சார்ஜ் ஆகப் போகும் பொருள் இது என்பதால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி இருந்தால் இருபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். ஈய அமில பேட்டரியின் சார்ஜரும் லித்தியத்தின் சார்ஜரும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றின் பிளக் மற்றொன்றில் நுழையவும் செய்யும். மாறிப் போட்டால் ஆபத்து. பிளக்கையே வேறு வடிவில் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. முன்சக்கரம் உந்தும் வண்டியில் ஆளின் எடை பின்சக்கரங்கள்மீது விழுவதால், மணல் படிந்த சாலையில் முன்சக்கரம் வழுக்கிச் சுழலும். பேட்டரியை முன்னால், கால் பலகைக்கு அடியில் வைத்தால் பிடிப்புக் கூடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கால் பலகை முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் தெருக்கள் இங்கே பல. ஆகையால் கால் பலகைக்கு மேலே, முழங்காலுக்கு முன்பாக, மூடிய பெட்டியில் வைப்பதே எனக்குத் தெரிந்த நல்ல சமரசம். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஒயர் இணைப்புகளில் பச்சை பூக்க வைத்துவிடும். இணைப்புகளுக்கு ரப்பர் உறை போட்டுக் கிரீஸ் தடவ வேண்டும்.

இறுதியாக, பழுது. பொருத்தித் தரும் நிறுவனம் வெளி மாநிலத்தில் இருந்தால், ஒரு கண்ட்ரோலர் எரிந்துபோனாலும் மாதக்கணக்கில் வண்டி திண்ணையில் நிற்கும். இரண்டு ஆண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்த விலைக்குள்ளேயே அடக்கி, கண்ட்ரோலர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், பிரேக் சுவிட்சு, சார்ஜர் ஆகியவற்றில் உதிரி இருப்பு கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று இடங்களிலாவது வைக்கப்பட வேண்டும். உள்ளூர் ஐடிஐ மாணவர்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நிபந்தனை விதித்தால் இன்னும் நல்லது.

கொள்முதலுக்கு முன்னதாக, வண்டியின் வகை, ஃபோர்க்கின் அகலம், சக்கர விட்டம், ஓட்டுநரின் இரு கைகளின் வலு, அவர் அன்றாடம் போகும் வழி ஆகியவற்றைக் குறிக்க ஒரு பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்து, மனு கொடுத்த ஒவ்வொருவரின் வண்டியையும் அளக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதுநகர்ப் பகுதி வண்டிகளை அளந்து தருவதற்கு நான் கூலி கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சைக்கிள் பட்டறைக்காரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.